அரங்கேற்றம் நிற்கலாகாது என்றேன்

மலாயாவின் குளுவாங்கில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அக்காலத்தில் கல்லால் எழுப்பிய ஆலயம் இல்லை. ரயில்வே குடியிருப்புக்கும் ரப்பர் பால்மரத் தோட்டத்துக்கும் நடுவே, சதுப்பைத் தூர்த்த மேட்டில், அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த பலகைக் கொட்டகை ஒன்றே எங்கள் ஆலயம். உள்ளே முன்வரிசையில் நான்கு பெஞ்சுகள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்த எங்கள் குடும்பங்கள் அவற்றில் அமர்வோம். பின்னால் பாய் விரித்த தரையில் தோட்டத்து மக்கள் அமர்வார்கள். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எவரும் சட்டம் எழுதவில்லை. எழுதாததனாலேயே அதை மாற்றவும் எவருக்கும் தோன்றவில்லை.

பகலில் நான் ரயில் நிலையத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் மூப்பன். போதகர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் சிங்கப்பூரிலிருந்து ரயிலேறி வருவார். வரும்போது நற்கருணைக்குத் தகுதியானவர்களின் பெயர்ப்பட்டியலை நானே அவர் கையில் கொடுப்பேன். அதில் பெயர் இல்லாதவர், மற்றவர்கள் எழுந்து முன்னே சென்று பெறுவதைப் பாயில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தோட்டத்து மக்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. அதை நான் அறிந்திருந்தேன். அறிந்து கைவசம் வைத்திருந்தேன் என்று சொல்வதே நேர்மை.

பன்னிரண்டு வயதில் வெண்பாவைப் பிழையின்றிக் கட்டுவேன். பழைய பக்திப் பாடல்கள் சமய வேறுபாடின்றி ஆயிரக்கணக்கில் எனக்கு மனப்பாடம். அவற்றின் உருக்கத்தில் நான் அழுததுண்டு. ஆனால் அழுத கண்ணைத் துடைத்த கையோடு, அந்த உருக்கம் எந்தத் தளையில், எந்தச் சீரில் பிறந்தது என்று பிரித்துப் பார்ப்பதும் என் வழக்கம். எந்தப் பாட்டும் என்னைவிட்டு நீங்கியதில்லை. எந்தப் பாட்டும் எனக்குள் இறங்கியதுமில்லை. இதை இன்று எழுத முடிகிறது. அன்று எவரேனும் சொல்லியிருந்தால் அவரை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

நான்கு ஆண்டு உழைத்து ஆண்டவர்மேல் நூறு செய்யுளில் ஓர் அந்தாதி பாடினேன். ஒரு செய்யுள் எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லிலேயே அடுத்தது தொடங்க வேண்டும்; நூறாவது செய்யுள் முதற்செய்யுளின் முதற்சொல்லில் வந்து முடிய வேண்டும். அது முடிந்தபோது, குளுவாங்கில் மட்டுமல்ல, இந்த ஜொகூர் மாநிலம் முழுவதிலும் இதைச் செய்யக்கூடியவன் வேறொருவன் இல்லை என்று எண்ணினேன். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். உண்மையாக இருந்ததுதான் எனக்குக் கேடாயிற்று.

நூல் முடிந்தால் அரங்கேற்ற வேண்டும். புலவர் மரபு அது. சபை கூட்டி, கற்றோர் ஒருவரைத் தலைமையில் இருத்தி, செய்யுளை ஒவ்வொன்றாக வாசித்து உரை சொல்லி நிறைவேற்ற வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு முதிய தமிழாசிரியர் தலைமை தாங்க இசைந்தார். அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், பிற்பகல் நான்கு மணிக்கு, ஐம்பது ஐம்பதாகச் செய்வது என்று முடிவாயிற்று. இதில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. தொடங்கிய அரங்கேற்றம் குறித்த நாளில் நிறைவேறாமல் இடையே நின்றால், பாடியவன் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சகுனம் பார்ப்பதையும் நாள் பார்ப்பதையும் அந்தக் கொட்டகையில் நின்று எத்தனையோ முறை கண்டித்தவன் நான். ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் என்னால் உதற முடியவில்லை. அது சகுனம் அல்ல, இலக்கண மரபு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு சிறப்பாக நடந்தேறியது. பெஞ்சும் நிரம்பியது, பாயும் நிரம்பியது. அது முதல் உலக யுத்தம் முடியுந் தறுவாயில் இருந்த காலம், மழை தொடங்கிவிட்டிருந்தது. சிங்கப்பூரில் ஒரு விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று ரயிலில் வருவோர் போவோர் பேசிக்கொண்டார்கள். அந்த வாரத்தின் நடுவில் அது தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து லயங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டாம் ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும், பாயில் இருந்தவர்கள் எழுமுன் ஒருத்தி என்னிடம் வந்தாள். தாய்மார் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் ஆயா அவள். விதவை. எழுத்தறியாதவள். தோட்டத்துக் கிறிஸ்தவர்களில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும், எந்தப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான் என்று என் மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன். பால் வெட்டும் ஒரே மகனோடு மேல் லயத்தில் இருந்தாள்.

"ஐயா, ஒரு விசயங்க," என்றாள். "மேல லயத்துல நாலு வீட்டுல காய்ச்சங்க. மருந்து குடுக்குற டிரெசரும் படுத்துட்டாரு. எம்மவனுக்கும் நேத்து ராவுலேருந்து ஒடம்பு கொதிக்குது. இன்னைக்குச் சாயங்காலம் கூட்டத்த நிறுத்தி வைக்கலாங்களா?"

"நிறுத்தலாகாது," என்றேன். "தொடங்கிய அரங்கேற்றம் இடையில் நிற்கலாகாது."

"அப்ப எம்மவன மட்டும் விட்டுருங்கய்யா. படுத்துக் கெடக்கட்டும்."

"ஆண்டவர் புகழைக் கேட்க வருவதற்கு உடம்புச் சூடு ஒரு தடையா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அதோடு நான் விட்டிருக்கலாம். பெஞ்சில் என் நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் அவளுக்கு அறிவு புகட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

"போன ஞாயிறு ஐம்பது செய்யுள் கேட்டாயே. அதில் ஒன்றாவது உனக்கு விளங்கிற்றா?"

"இல்லீங்க ஐயா," என்றாள், உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு. "அதான் சொல்றேன். வெளங்குற ஆளுங்க மட்டும் வரட்டுமே. வெளங்காதவனுக்குப் பாயில படுத்தா என்ன, வூட்டுல படுத்தா என்ன?"

பாயில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெஞ்சிலும் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவள் கேலி செய்யவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் எழுந்து, கொட்டகை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்: "மாலையில் எல்லாரும் வரவேண்டும். வராதவர் பெயர் அடுத்த நற்கருணைப் பட்டியலில் இராது."

சிரிப்பு நின்றது. நான் வென்றேன்.

வீட்டில் என் மனைவி சோறு போட்டுவிட்டு எதிரே நின்றாள். வழக்கமாக நான் உண்ணும்போது பேசமாட்டாள்.

"இஞ்சருங்கோ. அந்தப் பெடியனுக்குக் கடும் காய்ச்சல் எண்டு சொல்லுகினம். அவனையும் வரச் சொன்னனீங்களாம்?"

"ஒருவருக்கு விட்டால் எல்லாரும் நிற்பினம். தலைவர் ரயிலேறியிட்டார். வெறும் பாய்க்கு முன்னாலையோ அவரை இருத்திறது?"

"உங்கடை பாட்டு ஒரு கிழமை பொறுத்தால் புளிச்சே போகும்?"

"உமக்கு இது விளங்காது," என்றேன்.

அன்று ஒரே நாளில் இரண்டு பெண்களுக்கு விளங்காதென்று தீர்ப்புச் சொன்னேன். இருவருக்கும் விளங்கியிருந்தது எனக்குத்தான் விளங்கவில்லை.

மாலையில் எல்லாரும் வந்தார்கள். மழைக்குச் சன்னல் பலகைகளை இறக்கிவிட்டோம். ஈரத் துணியும் மூச்சுமாக உள்ளே புழுங்கிற்று. ஆயாவின் மகன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாயின் நடுவில் இருந்தான், ஓரத்தில் இடமில்லை. அவன் இருமும்போதெல்லாம் நான் வாசிப்பதை நிறுத்தி, அவன் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தேன். அது அவனுக்கான கண்டனம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதைப் பத்துச் செய்யுளில் பாடியிருந்தேன். ஒரே சொல் நான்கு அடியிலும் வெவ்வேறு பொருளில் மடங்கி வரும்படி அமைத்த பகுதி அது. அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் உரை சொன்னேன். தலைவர் இரண்டு முறை "ஆகா" என்றார். நூறாவது செய்யுள் முதற்சொல்லில் வந்து முடிந்தபோது எனக்கு மாலை இட்டார்கள். பாயில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை வரிசையாகச் சொல்ல என்னால் இயலும். செவ்வாய்க்கிழமை மேல் லயத்தில் இருந்த காய்ச்சல் வியாழக்கிழமை எல்லா லயத்திலும் இருந்தது. பாயில் யார் யார் பக்கத்தில் யார் யார் இருந்தார்களோ அவர்களெல்லாம் விழுந்தார்கள். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டால் குரல் கொடுப்பவர் இல்லை. மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. காய்ச்சல் இந்துக் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் எங்கள் சபையில் விழுந்ததுபோல் வேறெங்கும் விழவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் தாழ்வாரத்திலும் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

என் மனைவி புதன்கிழமையே லயத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாள். காலையில் ஒரு தூக்கு நிறையக் கஞ்சியும் நீலகிரித் தைலமும் கொண்டு போவாள். பொழுது சாயத் திரும்புவாள். முதலில் ஆயாவின் மகனுக்குத்தான் போனாள். மூன்று நாள் அவன் அருகில் இருந்தாளாம். நான் தடுக்கவில்லை, உடன் போகவுமில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்த ஒரு பெரும் புலவரிடம் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அடக்கங்களுக்குப் போய், குழியிலிருந்து பத்தடி தள்ளி நின்று, புத்தகத்திலுள்ளதை வாசித்துவிட்டு வந்தேன். இது என் அரங்கேற்றத்தால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றிற்று. தோன்றிய ஒவ்வொரு முறையும், சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் அரங்கேற்றம் நடக்கவில்லையே, அங்கே மட்டும் ஏன் சாகிறார்கள் என்று எனக்கு நானே வழக்காடினேன். கற்றவன் தன் குற்றத்தை மறைத்துக்கொள்வதற்குக் கல்லாதவனைவிட அதிகம் இடம் வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை பிற்பகல் மனைவி லயத்திலிருந்து திரும்பி, வாசற்படியில் தூக்கை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். "தலை இடிக்குது," என்றாள். ஞாயிறன்று அவளுக்கு நினைவு தப்பிற்று. திங்கட்கிழமை காலை மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. உதடு நீலம் பூத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவளும் மட்டுந்தான்.

நான் அண்டை வீட்டுக்கு ஓடினேன். அரங்கேற்றத்தன்று எனக்கு மாலையிட்ட நண்பர் அவர். கதவைத் திறக்கவில்லை. சன்னலுக்குள்ளிருந்து பேசினார்.

"குறை நினையாதையும். வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்கு."

"உம்முடைய மனுசியை ஒரு மணி நேரம் அனுப்பும். அவளைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்குத் தெரியேல்லை."

"நீர் பெரிய பக்திமான். செபம் பண்ணும். உமது செபத்தைக் கர்த்தர் கேளாமல் விடுவாரோ?"

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அடுத்த வீட்டிலும் சன்னல் பலகை இறங்கிற்று.

திரும்பி வந்து கட்டிலருகே முழந்தாளிட்டேன். இனி எழுதுவதை எந்தப் போதகரிடமும் நான் அறிக்கையிட்டதில்லை. என் மனைவி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சும் ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் கேட்டது. நான் கண்ணை மூடி, கர்த்தாவே என்று தொடங்கினேன். அடுத்த சொல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, நன்றாகவே வந்தது. சற்று நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன். இரண்டாம் அடிக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தேன். முதலடி தானே செய்யுளாக அமைந்துவிட்டது. அதற்கு இணையான சொல் அகப்படாமல் என் மனம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தது. மனைவி சாகும் தறுவாயில் கிடக்க, நான் எதுகை தேடினேன். உதறிவிட்டு மறுபடி தொடங்கினேன்; மறுபடியும் அப்படியே. ஆண்டவரை நோக்கி நீட்டுவதற்கு என்னிடம் வெறுங்கை இருக்கவில்லை. பயம் என்றால் என்ன என்று அன்றுதான் அறிந்தேன். அவள் செத்துவிடுவாள் என்ற பயம் ஒன்று. அவளுக்காக ஒரு வார்த்தை கேட்கவும் தெரியாதவனாய் நான் இத்தனை ஆண்டு வாழ்ந்துவிட்டேன் என்ற பயம் மற்றொன்று.

அப்போது நண்பகல். மழை பெய்துகொண்டிருந்தது. குடையையும் எடுக்காமல் மேல் லயத்துக்குப் போனேன். ஒன்பது ஆண்டு அவ்வூரில் இருந்தும், லயத்து வீடொன்றின் வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. அன்றும் வாசலில்தான் நின்றேன்.

ஆயா அடுப்பில் ஏதோ வைத்துக்கொண்டிருந்தாள். மகன் சுவரோரம் மூங்கிற்பாயில் தூங்கினான்.

"வாங்கய்யா," என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "அம்மாவுக்கா?"

நான் தலையசைத்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை," என்றேன்.

"கஞ்சி வைக்கத் தெரியுங்களா?"

"தெரியாது."

"பொரட்டிப் படுக்கவைக்க? துணி மாத்த?"

"தெரியாது."

"சரி. தண்ணி குடுக்கத் தெரியும்ல?"

"தெரியும்."

அவள் மகனை நோக்கினாள். வெகுநேரம் நோக்கினாள். "இவனுக்குக் காலையில காய்ச்ச எறங்கிருச்சு. வேர்த்து விட்டுருச்சு. இனிமே தண்ணி போதும். நீங்க இவங்கிட்ட இருங்க. நான் அம்மாகிட்ட போறேன்."

"உன் மகனை விட்டுவிட்டா?"

"மூணு நா அவங்க இவன் பக்கத்துல ஒக்காந்தாங்கய்யா. எங்கூட்டுப் பாயில. வேறெந்த அம்மா ஒக்காருவா?" தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "நெறையாக் குடுக்காதீங்க. தலையத் தூக்கிட்டுக் குடுங்க. இல்லாட்டிப் பொரையேறும்."

நான் உள்ளே போனேன். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வாசலுக்கு வெளியே மழையில் போட்டேன். சிறிய அறை. ஒரு தகரப் பெட்டி, கயிற்றில் இரண்டு வேட்டி, குடத்தில் தண்ணீர். அவன் அருகில் தரையில் உட்கார்ந்தேன். வெளியே, வெட்ட ஆளின்றி நின்ற மரங்களில் மழை ஓயாமல் இரைந்தது.

சற்று நேரத்தில் அவன் கண் விழித்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றான்.

"ஐயா... நீங்களா? ஆத்தா எங்க?"

"என் வீட்டில். படு, படு. தண்ணீர் வேண்டுமா?"

தலையைத் தூக்கிக் கொடுத்தேன். பாதி அவன் கழுத்தில் வழிந்தது. அவன் சிரித்தான், இருபத்திரண்டு வயதுக்குரிய சிரிப்பு.

"ஊருக்கே ஊத்துறீங்க," என்றான்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். திடீரென்று சொன்னான்:

"கோச்சுக்காதீங்க ஐயா. அன்னைக்குப் பாட்டுக் கூட்டத்துல நான் தூங்கிட்டேன். கடேசில. தலை சுத்துச்சு. வேணும்னு தூங்கல."

நான் என்ன சொன்னேன் என்று என்னை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியது ஒன்றே: நீ வந்திருக்கவே கூடாது, உன்னை வரவைத்தவன் நான், என்னை மன்னித்துவிடு. ஏழெட்டுச் சொல். நூறு செய்யுளைத் தொடுத்தவனுக்கு அந்த ஏழெட்டுச் சொல் கிட்டவில்லை. வாய் திறந்தபோது அவன் மறுபடி தூங்கியிருந்தான். விழித்ததும் சொல்லிவிடுவேன் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும், மூச்சு மாறிற்று. என் மனைவியிடம் காலையில் கேட்ட அதே ஓசை அவனிடமும் கேட்டது. உடம்பு சில்லிட்டிருந்தது, உதடு கறுத்தது. இறங்கிய காய்ச்சல் போகவில்லை, உள்ளே போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது என்பது எனக்குப் புரியவில்லை. நான் வெளியே ஓடி, பக்கத்து அறைகளில் கூப்பிட்டேன். ஓர் அறையில் இருவர் நினைவின்றிக் கிடந்தார்கள். இன்னோர் அறையில் ஒருவன் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். திரும்பி வந்து அவனைத் தூக்கி என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். அப்படி இருந்தால் மூச்சு விட எளிது என்று எங்கோ கேட்ட நினைவு. அவன் தலை என் தோளில் கனத்தது. ஆயாவைக் கூப்பிடப் போகவேண்டும். போனால் இவன் தனியே கிடப்பான். போகாவிட்டால் மகனின் கடைசி மூச்சு தாய்க்குக் கிட்டாமற்போகும். அவளைக் கூப்பிட்டால் என் மனைவி தனியே கிடப்பாள். இதையும் மறைக்கமாட்டேன், அந்த எண்ணமும் என் காலைக் கட்டிற்று. தேவனே, தேவனே என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. எதுகையும் வரவில்லை.

பொழுது சாயுமுன் அவன் இறந்தான். என் சட்டையில் இருந்தது அவன் இருமிய இரத்தம். அவனைப் பாயில் கிடத்தி, கண்ணை மூடி, கயிற்றில் கிடந்த வேட்டியால் போர்த்தினேன். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு, செருப்பைத் தேடாமல், வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். அரைமைல் வழி. நடக்க நடக்க, என்ன சொல்வது என்று ஒரு வாக்கியமும் அமையவில்லை. அமையாததற்காக அன்றைக்கு மட்டும் நான் வருந்தவில்லை. அழகாகச் சொல்ல வந்திருந்தால் என்னை நானே கொன்றிருப்பேன்.

கதவைத் திறந்தேன். ஆயா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, என் மனைவியின் தலையைத் தன் மடியில் வைத்து, கரண்டியால் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். மனைவியின் கண் திறந்திருந்தது. துணி மாற்றித் தலை வாரியிருந்தது. என் மனைவி பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் அது எங்கள் மூவருக்கும் தெரியாது.

ஆயா தலை நிமிர்ந்தாள். என் சட்டையைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். கரண்டி நடுவழியில் நின்றது. அவள் என்னிடமிருந்து கண்ணை எடுத்து, கரண்டியை மெல்ல என் மனைவியின் வாய்க்குக் கொண்டுபோனாள். "முழுங்குங்கம்மா," என்றாள். அடுத்த கரண்டி. அதற்கடுத்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. கிண்ணம் பாதி ஆகும்வரை அவள் எழவில்லை. பிறகு தலையைத் தலையணையில் இறக்கிவைத்து, கிண்ணத்தை என் கையில் தந்தாள்.

"மிச்சத்த நீங்க குடுங்க. ஆறிப்போவும்."

சாக்கை எடுக்காமலே வெளியே போனாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். குரல் மூச்சாகத்தான் வந்தது. "அந்தப் பெடியன்?"

"போயிட்டான்," என்றேன்.

அவள் கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. நான் கரண்டியை நீட்டினேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அவவைத் தனியவோ விட்டனீங்கள்?"

"நீர் இப்பிடிக் கிடக்க..."

"நான் கிடப்பன். போங்கோ."

"ஒரு வாய் குடியும்."

"போங்கோ எண்டுறன்."

கிண்ணத்தை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வெளியே ஓடினேன். மழை விட்டுத் தூறலாயிருந்தது. தோட்டத்துச் சடக்குப் பாதையில், மர வரிசைகளுக்கு நடுவே, அவள் வேகமாகவுமில்லாமல் மெதுவாகவுமில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பிடித்தேன். பக்கத்தில் நடக்கத் துணிவில்லை, பின்னால் நடந்தேன். வழியில் அந்த ஏழெட்டுச் சொல்லையும் சொன்னேன். அடுக்காமல், ஒழுங்கில்லாமல், ஒன்றையே இரண்டு முறையாகச் சொன்னேன். வரவேண்டாம் என்று நீ கேட்டாய், நான்தான் வரவைத்தேன் என்றேன். அவள் திரும்பவில்லை. கேட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது.

கல்வியைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. தமிழ் எனக்குத் தீங்கு செய்யவில்லை. ஆண்டவரைப் பாடிய பாட்டும் எவரையும் கொல்லவில்லை. பாட்டைக் காட்டிலும் பாடியவனைக் கேட்கவைக்க வேண்டுமென்று நின்றேனே, அந்த நிலைதான் கொன்றது. அவள் மன்னித்தாளா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவள் அதைப்பற்றி ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. கேட்டு வாங்கத் தகுந்த பொருளாக அது எனக்குத் தோன்றவில்லை.

லயத்து வாசலை அடைந்ததும் அவள் நின்றுவிட்டாள். கதவு நான் விட்டுவந்தபடியே திறந்து கிடந்தது. உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. நிலையைக் கையால் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் முதன்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பயமா இருக்குய்யா," என்றாள். "நீங்க முன்ன போங்க."

நான் அவளைக் கடந்து, குனிந்து, உள்ளே போனேன்.